பகான் நகரில் நானாதேசி விண்ணகர்

ஐராவதி நதியின் கிழக்குக் கரையில் அமைந்த பகான், பர்மாவின் முதற் பேரரசினது தலைநகராக விளங்கிற்று. 1044இல் அரியணையேறிய அநவ்ரதன் தேரவாத பௌத்தத்தை அங்கு நிலைநிறுத்தினான். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கியான்சித்தன் ஆனந்தக் கோயிலை எழுப்பினான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்களும் தாதுகோபங்களும் அச்சமவெளியில் இன்றும் நிற்கின்றன. இவற்றைக் காண்போர், பகானின் வரலாறு மன்னரதும் சங்கத்தினதும் வரலாறு மட்டுமே எனக் கருதக்கூடும்.

ஆயின், அங்கு கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று வேறொரு செய்தியைத் தருகின்றது. இன்றைய கேரளமாகிய மலைமண்டலத்தின் மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பான், நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபம் அமைத்து, கதவும் விளக்கும் அளித்தான் என அது கூறும். நானாதேசிகள் பல நாடுகளிற் சென்று வாணிபம் புரிந்த வணிகக் குழுவினராவர். பகானின் மதிலுக்குள்ளும் நத்லவுங் என்னும் விஷ்ணு கோயில் இன்றும் உளது.

பௌத்த மன்னரின் தலைநகரில் அயல்நாட்டு வணிகரின் தெய்வத்துக்கும் இடமிருந்தது என்பதை இவை உணர்த்துகின்றன. தமிழரின் கடல்கடந்த தொடர்புகளைப் படையெடுப்புக்களைக் கொண்டே அளப்போர், ஒரு கதவையும் ஒரு விளக்கையும் குறித்த இக்கல்வெட்டினையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.