தந்தையின் கோட்டை

ஓடர் நதியோடு வார்ட்டா நதி வந்து கலக்கும் முனையில், சதுப்பு நிலங்களும் நீர்ப்பரப்பும் சூழப் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த கியூஸ்ட்ரின் கோட்டை, இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில் நடந்த சண்டையில் தரைமட்டமாகி, இன்று போலந்து நாட்டின் மேற்கெல்லையில் வீடுகளற்ற வீதிகளும் அரண்மனையற்ற படிக்கட்டுகளுமாகக் கிடக்கிறது. அதன் பெயர் சரித்திரத்தில் நிலைத்ததற்குக் காரணம் அது தாங்கிய முற்றுகைகளல்ல. 1730-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில், ஒரு தகப்பனாரின் ஏற்பாட்டின்படி, அவருடைய மகன் காணும்படியாக அங்கே நிறைவேற்றப்பட்ட ஒரு சிரச்சேதமே ஆகும்.

அந்தத் தகப்பனார் பிரஷ்ய தேசத்து மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம். 1713-இல் பட்டமெய்தியவுடன், தம் தந்தையார் ஆடம்பரத்தில் கரைத்துவிட்டுப் போன பொக்கிஷத்தைக் கண்டு, அரண்மனைச் செலவுகளை இரக்கமின்றி வெட்டினார். ஏறக்குறைய 38,000 பேராயிருந்த சேனையை 80,000-க்கு மேல் பெருக்கினார். மதத்தின் பொருட்டு ஸால்ஸ்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட குடிகளை 1732-இல் ஆயிரக்கணக்கில் வரவேற்றுத் தம் கீழ்த்திசை நாட்டில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். உயரமான ஆட்களை ஐரோப்பா முழுவதிலும் வலைபோட்டுத் தேடிப் பிடித்து ஒரு ராட்சதப் பட்டாளம் சேர்த்த பைத்தியமும், மாலைதோறும் தளபதிகளோடு மண்குழாயில் புகைபிடித்துக்கொண்டு ராஜரீகம் நடத்திய வழக்கமும் அவருடைய விநோதங்கள். இவ்வளவோடு நின்றிருந்தால், கடுமையும் சிக்கனமும் உள்ள ஓர் அரசர் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டுச் சரித்திரக்காரர்கள் அப்பால் சென்றிருப்பார்கள்.

ஆனால் அவர் மக்களிடமிருந்து விரும்பியது வெறும் கீழ்ப்படிதல் அன்று. தெருவில் தம்மைக் கண்டு நடுங்கி ஓடிய ஒருவனைப் பிடித்து, ஏன் ஓடினாய் என்று கேட்க, அச்சத்தினால் ஓடினேன் என்று அவன் சொல்லவே, நீ என்னை நேசிக்க வேண்டுமேயல்லாமல் அஞ்சக் கூடாது என்று கூறிக்கொண்டே பிரம்பால் விளாசினாரென்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அந்த மனிதரின் உள்ளத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சாசனம் வேறில்லை என்றே நான் கருதுகிறேன். அடிக்கிற கைக்குப் பயந்து பணிகிறவன் உள்ளத்தின் ஓர் அறையையாவது தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளலாம். இவரோ அந்த அறையின் சாவியையும் கேட்டார்.

1712-இல் பிறந்த பட்டத்துக்குரிய மகன் பிரெடரிக்குக்கு ஆறு வயது நிரம்பியபோது, அவனுடைய ஆசிரியர்களுக்கு மன்னர் விடுத்த கட்டளைப் பத்திரத்திலும் இந்த வேட்கையே தலைகாட்டுகிறது. இன்ன வேளையில் எழுந்திருப்பது, இன்ன வேளையில் முழந்தாளிட்டு ஜெபிப்பது என்று சிறுவனின் பொழுது நிமிஷக் கணக்காகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. லத்தீன் பாஷை விலக்கப்பட்டது. பூர்வகாலச் சரித்திரத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, கடந்த 150 ஆண்டுச் சரித்திரத்தை மட்டும் விரிவாகப் போதிக்கும்படி உத்தரவாயிற்று. அதோடு, பிள்ளைக்குத் தம்மிடத்தில் அடிமைத்தனமான அச்சம் உண்டாகக் கூடாது, அன்பும் நம்பிக்கையுமே வளர வேண்டும் என்றும், மிரட்ட நேர்ந்தால் தாயாரின் பெயரைச் சொல்லியே மிரட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அச்சம் தாயின் பங்கு, அன்பு தமது பங்கு என்று பாகப்பிரிவினை செய்துகொண்ட அந்தச் சாமர்த்தியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பாகப்பிரிவினை பலிக்கவில்லை. ஆசிரியர் துஹான் என்பவர் பிரெஞ்சுக் காவியங்களின் சுவையைச் சிறுவனுக்கு ஊட்ட, அரண்மனைக்கு அருகே வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் 3,000-க்கு மேற்பட்ட நூல்கள் ரகசியமாகச் சேர்ந்தன. வேட்டையும் அணிவகுப்பும் மகனுக்கு வேம்பாயின, புல்லாங்குழல் உயிராயிற்று. தந்தையின் காலடியோசை கேட்டால் கழற்றி ஒளிப்பதற்கு ஒரு பட்டு அங்கி, கேளாதபோது உடுத்துக்கொள்வதற்கும் அதே பட்டு அங்கி என்று, பதினாறு வயதுக்குள் அவன் இரண்டு மனிதனாக வாழக் கற்றுக்கொண்டுவிட்டான். 1728-இல் வேட்டை மாளிகையில் தங்கியிருந்தபோது, ஒரே கூரையின்கீழ் இருந்த தகப்பனாருக்கு அவன் ஒரு கடிதம் எழுதி, தன்மேல் கொண்ட வெறுப்பை நீக்கியருள வேண்டுமென்று கெஞ்சினான். வந்த விடையில் மன்னர் மகனை நீ என்றுகூட விளிக்கவில்லை. யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிப் பேசுவதுபோல, அவன் பிடிவாதக்காரன், தந்தையை நேசியாதவன், குதிரை ஏறவும் சுடவும் அறியாதவன், தலைமயிரைக் கோமாளிபோல் சுருட்டிக்கொள்கிறவன் என்று குற்றப்பத்திரிகை வாசித்திருந்தார். அதில் முதன்மையான குற்றம் நேசமின்மையே.

அப்பால் அடி வளர்ந்தது. இங்கிலாந்து அரசகுடும்பத்தோடு சம்பந்தம் செய்ய ராணி ஸோபியா டோரதி முயன்றதும், அதைக் குலைப்பதற்கு ஆஸ்திரியாவின் தூதரும், அவரிடம் பணம் வாங்கிய மந்திரி கிரும்கோவும் மன்னரின் காதில் ஓதியதும் நீண்ட கதை. அது இங்கே வேண்டா. 1730-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஸாக்ஸனி அரசர் நடத்திய மாபெரும் சேனைத் திருவிழாவில், அந்நிய நாட்டு விருந்தினர்கள் பார்த்திருக்க, மன்னர் யுவராஜனைத் தாக்கினார். பிறகு, தம் தகப்பனார் தம்மை இப்படி நடத்தியிருந்தால் தாம் தம்மையே சுட்டுக்கொண்டிருப்பார் என்றும், இவனுக்கு மானமென்பதே இல்லையாதலால் எதையும் பொறுத்துக்கொள்கிறான் என்றும் ஏளனம் செய்தார். அடியைச் சகித்தால் மானமற்றவன், எதிர்த்தால் ராஜத்துரோகி. மூன்றாவது வழியாக ஓட்டம் ஒன்றுதான் இருந்தது.

ஆகஸ்டு 5-ஆம் தேதி விடியுமுன், தென் ஜெர்மனியில் பிரயாணத்தின் நடுவே ஸ்டைன்ஸ்பர்ட் என்னும் கிராமத்தில் அரசகூட்டம் களஞ்சியங்களில் உறங்கிக்கொண்டிருக்கையில், யுவராஜன் எழுந்து குதிரைக்குக் காத்து நின்றான். குதிரை கொண்டுவந்த பணியாளன் கீத் ஒரு கர்னலின் கண்ணில் பட்டான். மறுநாள் மனம் நடுங்கி மன்னரின் காலில் விழுந்து அனைத்தையும் கக்கிவிட்டான். வேஸலில் படைத்துறையிலிருந்த அவன் தமையன் தப்பி அயல்நாடு சேர்ந்தான். யுவராஜனின் நண்பனும் இந்த ஓட்டத்துக்கு உடந்தையுமாய்ப் பெர்லினிலிருந்த ஹன்ஸ் ஹெர்மன் பான் காட்டே என்னும் லெப்டினன்ட், ஒரு படைத்தலைவரின் மகன், ஒரு பீல்டுமார்ஷலின் பேரன், ஓட நேரமிருந்தும் காலந்தாழ்த்திக் கைதியானான். போட்ஸ்டாமில் பள்ளித் தலைவர் ஒருவரின் பதினாறு வயது மகள், யுவராஜனோடு சங்கீதம் பயின்றதைத் தவிர வேறொரு பாவமும் அறியாதவள், தகப்பன் வீட்டு வாசலிலும் ஊரின் மூலைதோறும் கசையடி பட்டு ஸ்பாண்டாவ் நூற்புச் சிறைக்குப் போனாள். புத்தகசாலை விற்கப்பட்டது, துஹான் தேசத்தின் மறுகோடிக்கு ஓட்டப்பட்டார். மகனைச் சுற்றி நேசித்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துவிட்டால், நேசிக்கத் தாம் ஒருவரே மிஞ்சுவோம் என்று மன்னர் எண்ணினாரோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் மாதம் கியூஸ்ட்ரின் சிறையில் யுவராஜனுக்கு 185 கேள்விகள் போடப்பட்டன. பெரும்பாலானவை சட்டம் அறிந்த அதிகாரியொருவர் ஒழுங்காக வகுத்தவை. கடைசிச் சில கேள்விகளைச் சேர்த்தவர் மன்னரே. நீ அடையத் தக்க தண்டனை யாது? மானத்தைக் குலைத்துத் தப்பியோடத் துணிந்தவன் அரசனாகத் தகுதியுடையவனா? உயிர்ப்பிச்சை வேண்டுமா? உயிருக்காகப் பட்டத்தைத் துறப்பாயா? இவை உண்மையைத் தேடும் கேள்விகள் அல்ல என்பது வெளிப்படை. தன் கழுத்துக்குத் தானே சுருக்கிட்டுக்கொள்ளும்படி கைதியின் கையில் கயிற்றைக் கொடுக்கும் கேள்விகள். பதினெட்டு வயதுப் பிள்ளை, தனக்குத் தானே நீதிபதியாக இயலாதென்றும், மன்னரின் கிருபைக்கு அடங்குவதாகவும், உயிர் தனக்கு அவ்வளவு அருமையானதன்று என்றும் மிகுந்த நிதானத்தோடு பதிலிறுத்தான். இரட்டை வாழ்க்கை தந்த பயிற்சி அன்று உதவிற்று.

கியோபெனிக் அரண்மனையில் கூடிய ராணுவ நீதிமன்றம், யுவராஜனை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று ஒதுங்கிக்கொண்டு, காட்டேக்கு ஆயுட்சிறை விதித்தது. மன்னர் தீர்ப்பைத் திருப்பியனுப்பினார். தலைமை வகித்த கிழத் தளபதி ஷுலன்பர்க் தம் மனச்சாட்சியைக் காட்டி மாற்ற மறுத்துவிட்டார். அந்த நாட்டில், அந்த மன்னருக்கு எதிரே, சேனாதிபதிகள் இவ்வளவு தைரியம் காட்டியதை நாம் மெச்சத்தான் வேண்டும். நவம்பர் முதல் தேதி மன்னர் தம் கையொப்பத்தோடு தண்டனையை மரணமாக மாற்றினார். உலகத்திலிருந்து நீதி மறைவதைக் காட்டிலும் காட்டே மாள்வது மேல் என்பது அவர் சொன்ன நியாயம். நீதியின்பொருட்டு இரக்கத்தை விட்ட அரசரென்றால் தமிழர் நினைவுக்கு வருகிறவன் மனுநீதிச் சோழன். அந்தத் திருவாரூர் மன்னன் தேர்க்காலில் இட்டது தான் பெற்ற பிள்ளையை. பெர்லின் மன்னர் இட்டதோ பிறர் பெற்ற பிள்ளையை, தம் பிள்ளையைப் பார்க்க வைத்துக்கொண்டு. நீதி என்ற ஒரு சொல்லின் மறைவில் இரண்டு செயல்களும் ஒன்றாகிவிடா.

காட்டேயைக் கியூஸ்ட்ரினுக்குக் கொண்டுவந்ததும், யுவராஜனைச் சாளரத்தண்டை நிறுத்தும்படி உத்தரவிட்டதும், வெட்டுண்ட உடல் பிற்பகல் 2 மணிவரை கிடந்த இடத்தில் கிடக்க வேண்டுமென்று விதித்ததும் ஆத்திரத்தில் நிகழ்ந்தவையல்ல. மேஜைமுன் அமர்ந்து யோசித்து வகுத்தவை. நண்பன் நடந்து வருகையில் யுவராஜன் பிரெஞ்சு மொழியில் மன்னிப்புக் கேட்டுக் கதறினான்; காட்டே, மன்னிக்க ஒன்றுமில்லை என்னும் கருத்துப்பட விடைசொல்லிச் சென்றான். வாள் விழும் முன்னரோ பின்னரோ யுவராஜன் மூர்ச்சித்தான். காட்டேக்கு அப்போது வயது 26.

நாடகத்தின் பயங்கரமான பகுதி இதற்கு அப்பால்தான் இருக்கிறது. காட்டேயின் கடைசி நேரத்தில் உடனிருந்த பாதிரியார் முல்லரே யுவராஜனிடம் அனுப்பப்பட்டார். அவனுடைய பச்சாத்தாபம் உள்ளத்திலிருந்து வருகிறதா, உதட்டிலிருந்து வருகிறதா என்று சோதித்து மன்னருக்கு எழுத வேண்டும் என்பது அவருக்கு இட்ட பணி. விவிலியம் முதலான பக்தி நூல்கள் தவிர வேறு நூலில்லை. பிரெஞ்சு இல்லை, சங்கீதம் இல்லை. சத்தியம் செய்து வாங்கிக்கொண்டபின் அறையிலிருந்து விடுவித்து, ஊரெல்லையைத் தாண்டக் கூடாதென்ற நிபந்தனையோடு, நிலவரி முதலியவற்றைக் கவனிக்கும் கச்சேரியில் அவனைக் கடைசி மேஜைக் குமாஸ்தாவாக உட்கார வைத்தார்கள். 1731 ஆகஸ்டு 15-ஆம் தேதி மன்னர் நேரில் வந்தார். நீ இங்கிலாந்து சேர்ந்திருந்தால் உன் சகோதரியைச் சூரிய சந்திரரைக் காணாத இடத்தில் ஆயுள் முழுவதும் அடைத்திருப்பேன் என்று கூறிய அதே சம்பாஷணையின் முடிவில், காலில் விழுந்து பாதங்களை முத்தமிட்ட மகனைத் தூக்கி அணைத்துக்கொண்டார். ஜனங்கள் கண்ணீர் வடித்தார்கள். அந்தக் கண்ணீர் கபடமென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மன்னரும் அன்று மெய்யாகவே உருகியிருக்கக் கூடும். அத்தகைய மனிதர்களின் பலம் அவர்களுடைய உருக்கத்தில்தான் இருக்கிறது.

மகன் தேறிவிட்டான். 1732-இல் மணப்பெண்ணின் பெயரைத் தகப்பனார் குறித்தனுப்பியபோது, அவருக்கு எழுதிய கடிதத்தில் பணிவே உருவாய்ச் சம்மதித்தான். மந்திரி கிரும்கோவுக்கு எழுதிய கடிதத்திலோ, பிராணனை விட்டுவிடுவதாகப் பயமுறுத்தினான். 1733-இல் அந்தப் பெண்ணையே மணந்தான். அரசனானதும் அவளுக்குத் தனி மாளிகை ஒன்றைக் கொடுத்துத் தன் வாழ்விலிருந்து விலக்கிவிட்டான். அவள் செய்த குற்றம் தகப்பனார் தேர்ந்தெடுத்தவளாயிருந்தது ஒன்றே.

1740 மே 31-ஆம் தேதி மன்னர் மாண்டார். இவ்வளவு தகுதியுள்ள மகனைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்திவிட்டே கண்மூடினார் என்பர். புதிய அரசர் பிரெடரிக் சில நாட்களுக்குள் சித்திரவதையைச் சட்டத்திலிருந்து பெரும்பாலும் நீக்கினார், துஹானை வரவழைத்துக்கொண்டார், காட்டேயின் தகப்பனாருக்குப் பீல்டுமார்ஷல் பதவி அளித்தார். பின்னர்த் தம் குலத்தின் சரித்திரத்தைப் பிரெஞ்சு மொழியில் எழுதுகையில், தந்தையைப் பிரஷ்யாவின் பலத்துக்கு அஸ்திவாரமிட்டவராகப் போற்றி, குடும்பத் துயரங்களை மௌனத்தால் மூடிவிட்டார். அடிபட்ட சகோதரி வில்ஹெல்மினா வீட்டுக் கதைகளையெல்லாம், மிகையும் கலந்து, எழுதி வைத்தார். அந்நூல் 1810-இல்தான் அச்சேறியது. மிகையில் உண்மையைப் பிரித்தெடுக்கலாம். மௌனத்தில் எதைப் பிரிப்பது?

ஆயினும் உறக்கம் மௌனத்துக்குக் கட்டுப்படவில்லை. ஏழாண்டுப் போரின்போது அவருக்குப் படித்துக் காட்டும் வேலையிலிருந்த ஹென்றி த காட் என்பவர், அரசர் கண்டு சொன்ன ஒரு சொப்பனத்தைக் குறித்து வைத்திருக்கிறார்: இறந்துபோன தகப்பனார் சிப்பாய்களோடு உள்ளே வருகிறார், மகனைக் கட்டி மாக்டபர்க் கோட்டைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார், ஏன் என்று வினவினால், தகப்பனாரைப் போதிய அளவு நீர் நேசிக்கவில்லை என்று விடை வருகிறது. ஐரோப்பாவின் மூன்று வல்லரசுகளோடு போர் தொடுத்துக்கொண்டிருந்தவர் வியர்த்து விழித்துக்கொண்டார்.

அதே போரில், 1757-இல், பின்வாங்கும்போது சேனையைச் சேதப்படுத்திவிட்டான் என்று தம்பி ஆகஸ்ட் வில்லியமை அவர் நடத்திய முறை, தகப்பனாரிடம் பயின்றதே. எதிரே வந்து வணங்கிய தம்பியோடு ஒரு வார்த்தையும் பேசாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டார். இனி உன் கையில் சேனையை ஒப்புவிக்க மாட்டேன் என்று எழுதினார். தகப்பனாருக்கு மிகவும் செல்லமாயிருந்த அந்தத் தம்பி மானத்தால் நைந்து, அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இறந்தான். செய்தி கேட்டு அரசர் அழுதார்.

பிள்ளையில்லாத அரசருக்குப்பின், 1786-இல், அந்தத் தம்பியின் மகனே பட்டத்துக்கு வந்தான். ஸான்ஸூஸி மாளிகையின் மேடையில், தம் நாய்களைப் புதைத்த இடத்தருகே, ஆடம்பரமின்றி அடக்கம் செய்யும்படி பெரியப்பா உயிலில் எழுதியிருந்தார். புதிய மன்னன் அதை ஒதுக்கிவிட்டு, போட்ஸ்டாம் படைக்கோயிலின் நிலவறையில் முதலாம் பிரெடரிக் வில்லியமின் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். 1943-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி எடுத்ததுமுதல், உப்புச் சுரங்கம், மார்பர்க், ஹோயன்ஸோலர்ன் கோட்டை என்று இரண்டு பெட்டிகளும் ஒன்றாகவே அலைந்தன. 1991 ஆகஸ்டு 17-ஆம் தேதி மகனை அவர் கேட்ட மேடையில் புதைத்தார்கள். தகப்பனாரை அதே பூங்காவின் ஓரத்திலுள்ள தேவாலயத்தில் வைத்தார்கள்.