காந்தக்கல்லும் மயில்துத்தமும்: கே.எஸ். கிருஷ்ணனின் டாக்கா ஆண்டுகள்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், சேத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தேவதானம். அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு வடக்கே அமைந்தது வத்திராயிருப்பு. இவ்வட்டாரம் பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் தந்த மண் என்பதைத் தமிழுலகம் நன்கறியும். படிகங்களுக்குள் உறைந்திருக்கும் காந்தப் பண்பைத் துல்லியமாக அளக்கும் வழியை உலகுக்குக் கற்பித்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனும் இம்மண்ணின் மைந்தரே என்பதை அறிந்தோர் குறைவு. 1898 டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்த அவரை, அறிந்தவர்களும் சர் சி.வி. ராமனின் உதவியாளர் என்றே நினைவுகூர்கின்றனர். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது உடனிருந்து உழைத்தவர் அவர் என்பது உண்மை. ஆயினும் அவருடைய தனிப்பெரும் பணி அதன் பின்னரே, கிழக்கு வங்கத்தின் டாக்கா நகரில் தொடங்கிற்று.

இவ்வரலாறு நமக்கு இருவகையில் நெருக்கமானது. கிருஷ்ணன் பணியாற்றிய பல்கலைக்கழகம் முஸ்லிம் தலைவர்களின் கோரிக்கையால் எழுந்தது. அவர் கையிலெடுத்த காந்தமோ, முஸ்லிம் அறிஞரும் மாலுமிகளும் நூற்றாண்டுகளாகப் பழகிய பொருள்.

கல்லும் கடலும்

காந்தக்கல் என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்ஸைடு. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாதுவும் இவ்வகையைச் சார்ந்ததே. அரபு மொழியில் இதனை மக்னாத்தீஸ் என்பர். அபூ ரைஹான் அல்பிரூனி (973-1048) மணிகளையும் உலோகங்களையும் பற்றி எழுதிய தமது நூலில் காந்தத்திற்கும் இடமளித்தார். மரகதத்தைக் கண்டால் நாகத்தின் கண் குருடாகும் என்று அக்காலத்தார் நம்பினர். அல்பிரூனி அதனை நம்பவுமில்லை, வாளா மறுக்கவுமில்லை. மாதக்கணக்கில் நாகத்தின்மீதே சோதித்துப் பார்த்து, அதன் பார்வைக்கு ஊறேதும் நேரவில்லை என்று எழுதிவைத்தார்.

பைலக் அல்கிப்ஜாக்கி என்பார் 1282இல் எழுதிய நூலொன்றில், ஹிஜ்ரி 640இல் (கி.பி. 1242-43) திரிபோலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குக் கடல்வழி சென்றபோது, மாலுமிகள் காந்தமேற்றிய ஊசியை நீரில் மிதக்கவிட்டுத் திசையறிந்ததைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். இந்தியப் பெருங்கடலில் செல்வோர் ஊசிக்குப் பதிலாக மீன் வடிவிலான இரும்பைப் பயன்படுத்தினர் என்றும் அவர் கூறுகிறார். யமனின் ரசூலிய மன்னர் அல்அஷ்ரஃப் அதே நூற்றாண்டின் இறுதியில் கிப்லாவின் திசையறியக் காந்த ஊசியைப் பயன்படுத்தும் முறையை விவரித்தார்.

ஆயினும் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி வடக்கு நோக்குவது ஏன், ஒரு கல்லுக்குக் காந்தமும் மற்றொரு கல்லுக்கு அஃதின்மையும் வாய்த்தது எவ்வாறு என்ற வினாக்களுக்கு அந்நாளில் எவரிடமும் விடையில்லை. எலக்ட்ரான்களின் இயல்பு விளங்கும்வரை அவ்விடை கிட்டுவதற்கும் இல்லை.

டாக்காவில் ஒரு தமிழர்

1905இல் பிரிக்கப்பட்ட வங்கம் 1911இல் மீண்டும் இணைக்கப்பட்டபோது, கிழக்கு வங்க முஸ்லிம்கள் பெரும் ஏமாற்றமுற்றனர். நவாப் சலீமுல்லாஹ் முதலிய தலைவர்கள் 1912இல் வைஸ்ராய் ஹார்டிஞ்சைச் சந்தித்து முறையிட்டனர். அதன் பயனாக எழுந்த டாக்கா பல்கலைக்கழகம் 1921இல் திறக்கப்பட்டது. மார்க்கம் பாராது அறிஞரை அழைத்த அந்நிறுவனத்தில் இயற்பியலைச் சத்தியேந்திரநாத் போஸ் வளர்த்து வந்தார். பின்னாளில் அங்குப் புள்ளியியல் துறையை நிறுவியவரும், முஸ்லிம் சாஹித்ய சமாஜத்தின் முன்னணி எழுத்தாளருமான காஜி மோதஹர் ஹுசைன் அப்போது இயற்பியலே கற்பித்துக் கொண்டிருந்தார். இச்சூழலுக்கு 1928 டிசம்பரில் ரீடராக வந்து சேர்ந்தார் கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தாவில் ராமனிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றவர் அவர்.

பல படிகங்கள் காந்தப் புலத்தில் எல்லாத் திசையிலும் ஒரேபடித்தாய் இயங்குவதில்லை. ஓர் அச்சின் வழியே மிகுதியாகவும் மற்றோர் அச்சின் வழியே குறைவாகவும் காந்தமேற்கும். அவ்வேறுபாடு மிகச் சிறியது, படிகமோ கடுகளவினது. இதனை அளக்கக் கிருஷ்ணன் கண்ட முறை எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையின் முனையில் படிகத்தைத் தொங்கவிட்டு, சீரான காந்தப் புலத்தில் நிறுத்துவர். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவர். காந்தப் புலம் படிகத்தைப் பிடித்து நிறுத்த முயலும். முறுக்கு அதனைத் திருப்ப முயலும். படிகம் 45 பாகை திரும்பிய கட்டத்தில் புலத்தின் பிடி உச்சத்தை எட்டும். அதற்கு மேலும் முறுக்கினால் பிடி தளர்ந்து, படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அக்கணத்தில் இழையின் முறுக்குக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், திசைக்குத் திசை உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். பி.சி. குஹா, சாந்திலால் பானர்ஜி ஆகியோருடன் அவர் எழுதிய ஆய்வுரைகளை லண்டன் ராயல் சொசைட்டி 1933இல் தொடங்கி வெளியிட்டது.

மயில்துத்தம் சொன்ன செய்தி

இரும்பு, கோபால்ட், நிக்கல், மாங்கனீசு, செம்பு ஆகியன இடைநிலை உலோகங்கள் எனப்படும். இவற்றின் உள்வட்டத்தில் முழுமையுறாத எலக்ட்ரான் தொகுதி ஒன்றுண்டு. காந்தம் அங்கிருந்தே பிறக்கிறது. தனித்து நிற்கும் அணுவில் அந்த எலக்ட்ரான்களுக்குத் திசைப் பேதமில்லை. படிகத்துக்குள் வந்தால் சுற்றிநிற்கும் ஆக்சிஜன்களின் மின்புலம் அவற்றின் ஆற்றல் நிலைகளைப் பிளந்துவிடும். 1929இல் ஹான்ஸ் பெதேயும் 1932இல் வான் விளெக்கும் வகுத்த கோட்பாடு இது. கோட்பாட்டுக்குச் சான்று வேண்டும். அச்சான்றை அளித்தவற்றுள் டாக்காவிலும், 1933க்குப் பின் கல்கத்தாவிலும் கிருஷ்ணன் குழுவினர் செய்த அளவீடுகள் முதன்மையானவை. கோட்பாடு உரைத்தவாறே கோபால்ட் உப்புகளில் திசை வேறுபாடு மிகுந்திருந்தது. மாங்கனீசு உப்புகளில் அது மிக நுண்ணியதாயிருந்தது; அந்த நுண்மையையும் அவர்கள் அளந்து காட்டினர்.

நம் உழவர்கள் சுண்ணாம்புடன் கலந்து பயிர்களுக்குத் தெளிக்கும் மயில்துத்தத்தையும் கிருஷ்ணன், ஏ. முகர்ஜியுடன் சேர்ந்து ஆராய்ந்தார். அதில் ஒவ்வொரு செம்பு அணுவையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்துள்ளன. நான்கு அருகிலும் இரண்டு சற்று விலகியும் நிற்கின்றன. எக்ஸ்-கதிர் கொண்டு 1934இல் பீவர்ஸும் லிப்சனும் கண்ட இவ்வமைப்போடு காந்த அளவீடுகளும் இசைந்தன. மயில்துத்தத்தின் நீலமும் இவ்வமைப்பின் விளைவே. அதனைச் சூடேற்றிப் பாருங்கள்; நீர் நீங்க நீலமும் நீங்கி வெண்பொடியாகும்.

இதற்கு ஒரு பிற்கதை உண்டு. நிக்கல் ஆக்ஸைடு அக்காலக் கோட்பாட்டின்படி மின்சாரத்தைக் கடத்த வேண்டும். அது கடத்தவில்லை என்பதை 1937இல் டி போயரும் வெர்வேயும் சுட்டிக்காட்டினர். காந்தக்கல்லைச் சுமார் 120 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதன் மின்தடை பன்மடங்கு உயர்வதை 1939இல் வெர்வே ஆராய்ந்து காட்டினார். 1986இல் சூரிச் நகரில் பெட்னார்ஸும் முல்லரும் செம்பு ஆக்ஸைடு ஒன்றில் உயர் வெப்பநிலை மீக்கடத்தலைக் கண்டனர். அதிலும் செம்பைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் அருகே, இரண்டு விலகி நிற்கின்றன! அதனை விளக்க 1987இல் ஆண்டர்சனுடன் இணைந்து கோட்பாடு தந்தவர்களுள் தமிழரான ஜி. பாஸ்கரனும் ஒருவர்.

நாம் கற்க வேண்டியது

கிருஷ்ணன் 1940இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார், 1961இல் மறைந்தார். பட்டங்களினும் அவர் பணியாற்றிய முறையே நம் சிந்தனைக்குரியது.

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் இரும்பின் பெயரால், அல்ஹதீத் என வழங்கப்படுகிறது. இதனைக் கொண்டு, இரும்பைப் பற்றிய புதுக் கண்டுபிடிப்புகள் யாவும் அங்கு முன்னரே கூறப்பட்டுவிட்டன என மேடைதோறும் முழங்குவோர் நம்மிடையே உளர். அவர்தம் பற்றினை நாம் ஐயுறவில்லை. ஆனால் பிறர் கண்டறிந்த பின்னர் எழும் அம்முழக்கத்தால் இறைவேதத்திற்குப் பெருமை கூடுவதுமில்லை, அறிவு வளர்வதுமில்லை. இன்று ஏற்கப்பட்ட கோட்பாடு நாளை திருத்தப்படுமாயின் வேதத்தையும் திருத்துவோமா? படைப்பைச் சிந்தித்து நோக்குமாறு ஏவும் வேதத்தை ஏற்றோர் செய்யத்தக்கது அல்பிரூனி செய்தது. கேட்டதை அவர் சோதித்தார். கண்டதை உள்ளவாறு எழுதினார்.

அவ்வழியில் நடக்க ஒருவர் முஸ்லிமாய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. வைணவம் தழைத்த வட்டாரத்திலிருந்து வந்த தமிழர், முஸ்லிம்களின் முயற்சியால் எழுந்த கல்விக்கூடத்தில் அமர்ந்து அதனைச் செய்து காட்டினார். தேவதானம் முதல் வத்திராயிருப்பு வரையுள்ள பள்ளிகளிலும், நம் மதரஸாக்களிலும், மாணவர் கையில் ஒரு துண்டு மயில்துத்தத்தைக் கொடுத்து அதனைச் சூடேற்றச் சொல்லி, நீலம் எங்கே போயிற்று என்று கேட்கும் ஆசிரியர் ஒருவரேனும் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவில்லை.