பிழைத்தலும் மீண்டுவருதலும்: நுரையீரற் புற்றுநோய் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்துள்ள தலவில என்னும் ஊர், புனித அன்னம்மாள் ஆலயத்தினாற் பெயர்பெற்றது. அங்கு நிகழும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரோடு பிற சமயத்தவரும் திரளாக வருகின்றனர். நோய் தீர வேண்டி வருவோர் ஒரு சாரார்; தீர்ந்தபின் நேர்த்திக்கடன் செலுத்த வருவோர் மற்றொரு சாரார். ஆலயத்தின் தோற்றம் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்றும் இவ்விரு வருகைகளையே பேசுகின்றது. கப்பலுடைந்து இக்கரையில் ஒதுங்கிய ஐரோப்பிய வணிகன் ஒருவன், தன் வாணிகம் செழித்தால் கோயில் எழுப்புவதாக நேர்ந்து சென்றான் என்றும், பின்னர் திரும்பிவந்து அதனை நிறைவேற்றினான் என்றும் அது கூறும். கதையின் உண்மை எவ்வாறாயினும், உயிர் பிழைத்ததோடு அது முடியவில்லை. மீண்டுவந்ததே அதன் முடிவாயிற்று என்பது நோக்கற்பாலது.

நுரையீரற் புற்றுநோயின் மருத்துவ வரலாறோ நெடுங்காலம் இம்முடிவை அறியாதிருந்தது. ஏனெனில், மீண்டுவருவோர் மிகச் சிலரே. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் எவாட்ஸ் கிரகம் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இந்நோய்க்காக இடது நுரையீரல் முழுவதையும் ஒரே சிகிச்சையில் அகற்றி வெற்றி கண்டார். நோயாளியும் ஒரு மருத்துவரே. சிகிச்சைக்கு முன் அவர் தமது பற்களைச் சீர்செய்துகொண்டார். கல்லறைக்கு நிலமும் வாங்கினார். வாழ்வுக்கும் சாவுக்கும் ஒருசேர ஆயத்தமான அம்மனிதர் ஒற்றை நுரையீரலுடன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

1950ஆம் ஆண்டில் கிரகமும் அவருடைய மாணவர் வைண்டரும் புகைத்தலுக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் பிரித்தானியாவில் டோலும் ஹில்லும் அத்தொடர்பை நிறுவினர். நெடுநாள் புகைத்துவந்த கிரகம் 1957இல் அதே நோயினால் இறந்தார். அவரது நோய் கண்டறியப்பட்டபோது சத்திரசிகிச்சைக்கு அப்பாற்பட்டதாய் முற்றியிருந்தது. அவர் காப்பாற்றிய நோயாளியோ அப்போதும் உயிருடனிருந்தார். நோய் ஓரிடத்தில் நிற்பதற்கும் உடலெங்கும் பரவுவதற்கும் இடையிலான வேறுபாட்டை இவ்விருவர் வாழ்வும் தெளிவாக உணர்த்துகின்றன.

பரவிய நோய்க்கும் நீண்ட வாழ்வு கிட்டலாம் என்ற நிலை இந்நூற்றாண்டிலேயே உருவாயிற்று. சில நோயாளரின் புற்றுக்கலங்களில் அமைந்த மரபணு மாற்றமே குறித்த சில மாத்திரைகளுக்கு நோய் பணிவதற்குக் காரணம் என்பது 2004இல் வெளிப்பட்டது. இம்மாற்றம் ஆசியரிடையிலும், புகைக்காதவரிடையிலும் மிகுதியாகக் காணப்படுவது. ஆதலின், இந்நோயாளர் யாவரும் தம் வினையின் பயனையே நுகர்கின்றனர் என்னும் பழிச்சொல் பொருந்தாது. அடுத்து, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் வந்தன. அம்மருந்துக்கு ஏற்ற இயல்புடைய, முற்றிய நோயினர் மீது நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2021இல் வெளியாயிற்று. பழைய மருந்துமுறையில் தொடங்கியோருள் 16.3 சதவீதத்தினரும் புதிய மருந்தில் தொடங்கியோருள் 31.9 சதவீதத்தினரும் ஐந்தாண்டின் முடிவில் உயிருடனிருந்தனர். மூவருள் இருவர் மீளவில்லை என்பதையும் இவ்வெண்கள் மறைக்கவில்லை.

பிழைத்தவரின் பிற்கால வாழ்வை மருத்துவச் சிந்தனைக்குக் கொணர்ந்தவர்களுள் அமெரிக்க மருத்துவரான பிட்சியூ முலன் முதன்மையானவர். தாமே புற்றுநோய்க்காளாகி மீண்ட அவர், 1985இல் எழுதிய கட்டுரையில், பிழைத்தலை மூன்று பருவங்களாக வகுத்தார். சிகிச்சைக் காலம் முதலாவது. சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்புமோ என அஞ்சிக் காத்திருக்கும் காலம் இரண்டாவது. அவ்வச்சம் தணிந்து நிலைபெற்ற காலம் மூன்றாவது. குணமடைந்தோர், குணமடையாதோர் என இரண்டாகவே பிரித்துவந்த வழக்கை இப்பகுப்பு மாற்றியமைத்தது. ஆயினும், முற்றிய நுரையீரற் புற்றுநோயினர் பலர் அந்த இரண்டாம் பருவத்திலேயே வாழவேண்டியவராயுள்ளனர். மூச்சிளைப்பு, அயர்ச்சி, மருந்தின் பக்கவிளைவுகள், அடுத்த பரிசோதனை பற்றிய அச்சம் ஆகியன அவர்தம் அன்றாடத் துணைகள்.

இலங்கை நோயாளருக்கு இதனோடு தூரமும் சேர்கின்றது. நாட்டின் முதன்மைப் புற்றுநோய் வைத்தியசாலையாகிய மகரகம, தலவிலக் கரையிலிருந்து 150 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. கடலை நம்பி வாழும் குடும்பம் ஒன்றுக்கு ஒவ்வொரு பரிசோதனைப் பயணமும் ஒரு நாளுக்கு மேற்பட்ட வருவாயிழப்பாகும். வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமாயினும், நோயாளி வீடு திரும்பிய பின்னுள்ள வாழ்வு அக்கணக்கினுள் அடங்குவதில்லை.

எனவே, மருந்தினால் நீடித்த ஆண்டுகளை எண்ணுவதோடு மருத்துவத்தின் கடமை முடிந்துவிடாது. பிழைத்தவர் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஊருக்கும் மீண்டாரா என்று வினவுதலும் அதன் கடமையே. மக்களின் வழிபாட்டு மரபு இதனை நெடுநாளாக அறிந்துள்ளது. தலவிலத் திருவிழாவில் நேர்த்தி செலுத்த வருபவர், தாம் பிழைத்ததை ஊரறியச் சொல்கின்றார். ஊரும் அவரை மீண்டும் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது. அந்த ஏற்பினை வைத்தியசாலையும் சமூகமும் தம் பொறுப்பாகக் கொள்ளும்போதே பிழைத்தவரின் வரலாறு நிறைவுறும்.