பிள்ளை
மகவென்றும் இளமையென்றும் பொருள்படும் ‘பிள்ளை’ என்னும் சொல், தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர் ஒன்பதனுள் ஒன்றாக எண்ணப்பெற்று, இன்றும் அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என வழக்கிலுள்ளது. சோழர் சாசனங்களில் அரசகுமாரரைப் ‘பிள்ளையார்’ என்றழைத்த மரியாதை, காலக்கிரமத்தில் விரிந்து, பெரியவாச்சான் பிள்ளை முதலிய வைணவ ஆசாரியர்க்குச் சிறப்புப் பெயராகவும், வேளாளர் முதலிய பல ஜாதியார்க்குப் பட்டமாகவும் நிலைபெற்றது. ஆகவே, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷியாயிருந்து தினப்படிச் செய்திகளை எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761), உ.வே. சாமிநாதையரின் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), சுதேசிக் கப்பலோட்டிய வ.உ. சிதம்பரம் பிள்ளை (1872–1936), நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை ஆகியோர், குலமும் தொழிலும் வேறாயினும் பட்டத்தால் ஒன்றுபடுகின்றனர். அது கொண்டு அவர்க்குள் உறவு கற்பித்தல் பொருந்தாது.