பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள்: பக்கவிளைவுகளும் பாதுகாப்பும்

சிங்கப்பூரின் முதல் துணை நகரமான குவீன்ஸ்டவுனில்தான் அந்நாட்டின் முதல் பலதுறை மருந்தகமும் 1963இல் திறக்கப்பட்டது. 1950களில் எழுந்த பழைய பேட்டை என்பதால் இங்கே முதியோர் மிகுதி. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு என்று அன்றாடம் நாலைந்து மாத்திரை விழுங்குபவர்கள் அவர்களில் பலர். நகத்தில் பூஞ்சை பிடித்து அதற்கும் ஒரு மாத்திரை சேரும்போது, பழைய மாத்திரைகளோடு அது எப்படி ஒத்துப்போகும் என்பதே முதல் கேள்வி.

பூஞ்சையின் உயிரணு மனித உயிரணுவை ஓரளவு ஒத்தது. அதனால் பூஞ்சையை மட்டும் தாக்கும் மருந்தைச் செய்வது, பாக்டீரியாவைக் கொல்வதைவிடக் கடினம். ஃப்ளுகோனசோல், இட்ராகோனசோல் போன்ற 'அசோல்' மருந்துகள், பூஞ்சை தன் உயிரணுச் சவ்வுக்கான எர்கோஸ்டெராலைச் செய்ய உதவும் நொதியை முடக்குகின்றன. அந்த நொதிக்கு உறவான நொதிகள் நம் கல்லீரலிலும் உண்டு. மற்ற மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது அவற்றின் வேலை. அவையும் முடங்கினால், வழக்கமாக எடுக்கும் மருந்து இரத்தத்தில் தேங்கிவிடும்.

விளைவு கடுமையாக இருக்கலாம். ஃப்ளுகோனசோலுடன், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்தால் இரத்தக் கசிவு வரலாம். அதனுடன் நீரிழிவு மாத்திரையான கிளிபிசைடு எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இட்ராகோனசோலும் கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டினும் சேரவே கூடாது. சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். வாயில் தடவும் மைகோனசோல் கூழ்கூட வார்ஃபரினோடு மோதும் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

கீட்டோகோனசோலின் கதை தனிப் பாடம். அமெரிக்காவில் 1981இல் ஒப்புதல் பெற்ற அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுப்பது தெரிந்தும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. 2013 ஜூலையில்தான் ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்தச் சொன்னது. அமெரிக்காவும் தோல், நகத் தொற்றுகளுக்குத் தரக்கூடாது என்றது. தேமலுக்கான கீட்டோகோனசோல் ஷாம்பு வேறு விஷயம். அது உடலுக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது.

நகப்பூஞ்சைக்கு டெர்பினஃபைன் கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம் தரப்படுகிறது. சிலருக்கு நாக்கில் சுவை போய்விடும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, பசி அறவே போவது ஆகியவை கல்லீரலின் முறையீடுகள். இவை தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களின் நகப்பூஞ்சைக்கு இட்ராகோனசோல் ஆகாது. கர்ப்பிணிகள் கிரிசியோஃபுல்வின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடக்கூடாது.

கடும் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின்-பி, 2021இல் தமிழ்நாட்டில் கருப்புப் பூஞ்சை பரவியபோது வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. உயிர் காக்கும் அந்த ஊசி குளிர்க்காய்ச்சலைத் தரும், பொட்டாசியத்தைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் வாட்டும். கொழுப்புத் துகளில் பொதிந்த வகையில் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் அதிகம்.

களிம்புகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஆனால் இந்தியாவிலிருந்து பையில் வைத்துக் கொண்டுவரும் ஸ்டீராய்டு கலந்த படர்தாமரைக் களிம்பு அப்படியன்று. அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளே பரவும், தோலும் மெலியும். 2018இல் இந்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவச் சீட்டுக்குள் கொண்டுவந்தது இதனால்தான்.

சிங்கப்பூரில் பக்கவிளைவு குறித்த தகவல்களைத் திரட்டுவது சுகாதார அறிவியல் ஆணையம். மருந்துகளை மேற்பார்வையிடும் அதன் பிரிவு இயங்கிவந்த பயாபொலிஸ் வளாகமும் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது.