பெய்ரோனின் உப்பு

மருத்துவம் கற்றுப் பின்பு ரசாயன சாஸ்திரத்தில் மனத்தைப் பறிகொடுத்த மிக்கேலே பெய்ரோனே என்னும் இத்தாலியர், ஜெர்மனியின் கீசென் நகரத்தில் லீபிக் என்ற பேராசான் நடத்திவந்த பரிசோதனைச் சாலையில் பிளாட்டினக் குளோரைடையும் அம்மோனியாவையும் சேர்த்து ஆராய்ந்து, 1844-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த ஒரு மஞ்சள் நிற உப்பு, அவர் பெயராலேயே ரசாயன நூல்களில் இடம்பெற்றதே தவிர, அதை மருந்தென்று கருதியவர் அக்காலத்தில் எவருமிலர். ஸூரிச் நகரத்து ஆல்பிரட் வெர்னர், நடுவே ஒரு பிளாட்டினம் அணுவும், அதைச் சூழ்ந்த சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு குளோரைடுகளும் இரண்டு அம்மோனியாக்களும் கொண்டதே அதன் உருவம் என்றும், குளோரைடுகள் அடுத்தடுத்த மூலைகளில் நின்றால் பெய்ரோனின் உப்பும் எதிரெதிர் மூலைகளில் நின்றால் வேறொரு வஸ்துவும் ஆகுமென்றும் 1893-இல் அனுமானித்தார். இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 1913-இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. உப்பு மட்டும் பின்னும் அரை நூற்றாண்டு காலம் பாடப் புத்தகத்து உதாரணமாகவே இருந்து வந்தது.

அதன் வேறு குணத்தை வெளிப்படுத்தும் பாக்கியம் ரசாயனிகளுக்கும் வாய்க்கவில்லை, வைத்தியர்களுக்கும் வாய்க்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்னெட் ரோசன்பர்க் என்ற பௌதிக நிபுணர், உயிரணு இரண்டாகப் பிரியும் தறுவாயில் அதனுள்ளே தோன்றும் இழைகள், காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் வகுக்கும் கோடுகளை ஒத்திருக்கக் கண்டு, இப்பிரிவினைக்கும் மின்புலத்துக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டோ என்று ஐயுற்றார். ஈ. கோலை என்ற பாக்டீரியாவை வளர்த்த திரவத்தில் பிளாட்டினத் தகடுகளை இறக்கி மின்சாரம் செலுத்தியபோது, அப்பாக்டீரியாக்கள் மடியவுமில்லை, பிரியவுமில்லை. இயல்பான அளவைப் போல் முந்நூறு மடங்கு வரை நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. மின்சாரத்தின் லீலை என்று முதலில் தோன்றிய இக்காரியம், உண்மையில் தகட்டிலிருந்து அற்பமாகக் கரைந்த பிளாட்டினம் திரவத்திலிருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் கூடி விளைத்தது என்பதை நெடுநாள் ஆராய்ச்சிக்குப் பிறகே அவரும் லோரெட்டா வான் கேம்ப் முதலிய உதவியாளரும் கண்டறிந்தனர். 1965-இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. அவ்வாறு கூடி விளைந்தவற்றுள் பெய்ரோனின் உப்பும் ஒன்று. உயிரணு பிரிவதைத் தடுப்பது கட்டி வளர்வதையும் தடுக்கக்கூடும் என்று சோதித்ததில், எலிகளின் கட்டிகள் அவ்வுப்பால் கரைந்த செய்தி 1969-இல் அதே இதழில் தொடர்ந்தது. சிஸ்பிளாட்டின் என்று இன்று வழங்குவது இவ்வுப்பே.

இந்த உப்பு உடலில் நடந்துகொள்ளும் விதம் முழுவதும் குளோரைடைச் சார்ந்தது. ரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல் குளோரைடு நிறைந்திருப்பதால், பிளாட்டினத்தின் மூலையை விட்டு அதன் குளோரைடு எளிதில் விலகுவதில்லை. குளோரைடு மிகக் குறைந்த உயிரணுவினுள்ளே புகுந்தபின்போ, அக்குளோரைடு கழன்று, அதன் ஸ்தானத்தில் நீர் வந்து அமர, அதுவரை சாதுவாயிருந்த வஸ்து உக்கிரம் பெற்று டி.என்.ஏ.வில் குவானைன் என்னும் பகுதியின் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. அடுத்தடுத்த இரு மூலைகளும் காலியாவதால் பக்கத்துப் பக்கத்துக் குவானைன்கள் இரண்டை ஒருசேரப் பிணிக்க, டி.என்.ஏ. வளைந்து, பிரதியெடுக்கும் வேலை தடைப்பட்டு, உயிரணு மடிகிறது. எதிரெதிர் மூலைகளில் குளோரைடு அமைந்த மற்ற வஸ்துவுக்கு இவ்விதம் பிணிக்கும் சக்தி இல்லாமையால் அது மருந்தாகவில்லை. ஆனால் செலுத்திய மருந்து யாவும் இலக்கை அடைவதுமில்லை: கந்தகத்தின்மேல் பிளாட்டினத்துக்கு உள்ள மோகத்தால், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் உயிரணுவில் குளூட்டாதியோனும் பெரும் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

மனிதருக்குப் பிரயோகிக்கத் தொடங்கிய 1970-களின் ஆரம்பத்தில், வாந்தியும், அதனினும் கொடிய சிறுநீரகச் சேதமும் நேர்ந்தமையால் இம்மருந்தைக் கைவிட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நாளத்தின் வழியே உப்பு நீரை ஏராளமாக ஏற்றிச் சிறுநீரைப் பெருக்கும் முறையே அதைக் காப்பாற்றியது. குளோரைடு இல்லாத வெறும் நீரில் வைத்தால் புட்டியிலேயே உருமாறத் தொடங்குமாதலால், அதைக் கலக்குவதும் உப்பு நீரில்தான். அலுமினியம் பட்டால் கறுத்துப் படிந்துவிடுமாதலால், அலுமினியம் கலந்த ஊசியைத் தொடலாகாது என்பதும் செவிலியர் அறிந்த விதி.

1974-இல் இண்டியானா பல்கலைக்கழகத்து லாரன்ஸ் ஐன்ஹார்ன், விரையில் தோன்றி உடலெங்கும் பரவிய புற்றுநோய்க்கு, இதனுடன் வேறு இரு மருந்துகளைக் கூட்டிக் கொடுத்தார். பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்துவந்த அந்நோய் பெரும்பாலும் குணமாகும் நோயாயிற்று. 1978-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. குளோரைடுகளின் இடத்தில் மெதுவாகக் கழலும் வேறொரு பகுதியை வைத்து, சிறுநீரகத்தை அவ்வளவாக வருத்தாத கார்போபிளாட்டினையும் அடுத்த பத்தாண்டில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஓர் உலோகம் அமுதமா நஞ்சா என்று அதன் பெயரை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அறிவுடைமை அன்று. அதன் மூலைகளில் நிற்பவை எவை, எந்தத் திரவத்தில் அவை விலகும், விலகிய இடத்தை எது பற்றும் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே, அதை மனித உடலில் செலுத்த எவருக்கும் உரிமை உண்டு.