காலையில் ஒரு பள்ளி, மாலையில் ஒரு பள்ளி

பிறந்த குழந்தை ஏழு வயதில் தொடக்கப்பள்ளிக்குள் நுழைகிறது. ஆகவே பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினாலே ஏழு ஆண்டுகள் கழித்து எத்தனை இருக்கைகள் வேண்டும் என்பது தெரிந்துவிடும். கேட்பதற்கு எளிதான இந்தக் கணக்கு, சிங்கப்பூர்க் கல்வி அதிகாரிகளை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திணற வைத்திருக்கிறது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது பல பிள்ளைகள் படிக்க வேண்டிய வயதைத் தாண்டியிருந்தார்கள். 1947ஆம் ஆண்டில் காலனித்துவ அரசாங்கம் பத்தாண்டுக் கல்வித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பெற்றோர் விரும்பும் மொழியில், பிள்ளைகள் அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் மக்கள்தொகை திட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை. 1947இல் 9 லட்சத்து 38 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1957இல் 14 லட்சத்து 45 ஆயிரத்தைத் தாண்டியது. பத்துப் பேரில் நால்வருக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள்! 1950இல் ஐந்தாண்டுத் துணைத் திட்டம் ஒன்று வந்தது. அதே ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. கட்டடம் எழுந்தால் மட்டும் போதாது, உள்ளே நின்று பாடம் நடத்தவும் ஆள் வேண்டும் அல்லவா?

இருக்கையா, முழு நாளா?

1959இல் தன்னாட்சி அரசாங்கம் பொறுப்பேற்றபோது பள்ளிகளில் ஏறத்தாழ 3 லட்சத்து 20 ஆயிரம் மாணவர்கள் இருந்தனர். 1968இல் அந்த எண்ணிக்கை 5 லட்சத்தைக் கடந்தது. அக்காலத்தில் சராசரியாக மாதம் ஒரு பள்ளி என்ற வேகத்தில் கட்டினார்கள். ஒரே மாதிரி வரைபடத்தில், மாடிமேல் மாடியாகப் பள்ளிகள் எழுந்தன. அப்படியும் இடம் போதவில்லை. அதிகாரிகள் கண்ட வழி, ஒரு கட்டடத்தை இரண்டாக எண்ணுவது. காலையில் ஒரு பிரிவு, நண்பகலுக்குப் பின் இன்னொரு பிரிவு. காலை மாணவர்கள் எழுந்து போன நாற்காலியில் சூடு ஆறும் முன்பே மாலை மாணவர்கள் அமர்ந்தார்கள்.

இதனால் பிள்ளைகளுக்கு இருக்கை கிடைத்தது. முழு நாள் பள்ளி கிடைக்கவில்லை. விளையாட்டு, நூலகம், பின்தங்கிய மாணவருக்குக் கூடுதல் வகுப்பு ஆகிய அனைத்தும் அடுத்த பிரிவுக்காக விட்டுக்கொடுக்கப்பட்டன. எனினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. முழு நாள் பள்ளிதான் வேண்டும் என்று அன்று பிடிவாதம் பிடித்திருந்தால், பாதிப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றிருப்பார்கள். அன்றைய முடிவு தவறன்று. ஆனால் தற்காலிகமாக வந்த ஏற்பாடு விடைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் ஒரே நேரப் பள்ளிகளாக வேண்டும் என்ற பரிந்துரை 2009இல் ஏற்கப்பட்டு, 2016இல்தான் நிறைவேறியது.

இடம் மாறிய பிள்ளைகள்

எத்தனை பிள்ளைகள் என்பது கணக்கின் ஒரு பாதி. அவர்கள் எங்கே வசிப்பார்கள் என்பது மறுபாதி. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டியது. நகர மையத்துக் கடைவீடுகளிலும் கம்பங்களிலும் இருந்த குடும்பங்கள் புதிய பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தன. பள்ளிகளும் பின்தொடர்ந்தன. விக்டோரியா ஸ்திரீட்டில் இருந்த கான்வென்ட் பள்ளி 1983இல் தோ பாயோவுக்குச் சென்றது.

தமிழ்ப் பள்ளிகளின் கதை வேறு. 1946இல் கடையநல்லூர் மக்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அரசாங்கம் கட்டிய பள்ளிகளில் இடமும், ஆங்கிலக் கல்வியால் வேலை வாய்ப்பும் பெருகப் பெருக, தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளை அங்கே சேர்த்தனர். 1982இல் உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டது. அந்தப் பெயர் இன்று தமிழ்மொழி நிலையம் ஒன்றில் வாழ்கிறது. பள்ளியைக் காப்பது கட்டடமன்று, அதில் சேரும் பிள்ளைகள்தாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. 1950களின் இறுதியில், சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்த தீவில் ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தனர். 2017இல் மக்கள்தொகை 56 லட்சம்; பிறந்த குழந்தைகளோ 40 ஆயிரத்துக்கும் குறைவு. அந்த ஆண்டு 28 பள்ளிகளை 14 ஆக இணைக்கும் அறிவிப்பு வந்தது. அவற்றில் எட்டு தொடக்கக் கல்லூரிகள். 2019இல் அந்த இணைப்பு நடந்தது. ஒரு பக்கம் பொங்கோல், செங்காங் போன்ற இளம் நகரங்களுக்குப் புதிய பள்ளிகள் தேவைப்பட்டன. மறுபக்கம் முதிர்ந்த பேட்டைகளில் வகுப்பறைகள் காலியாயின.

பள்ளியைக் கட்டும்போது யாரும் அழுவதில்லை. மூடும்போது முன்னாள் மாணவர்கள் கண்கலங்குகிறார்கள். அந்தக் கண்ணீர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முன்பு கட்டத் தெரிந்த அதிகாரிகள் இன்று மூடவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முன்னதைவிடப் பின்னது கடினமான பாடம். அதைப் பெற்றோரோடும் பழைய மாணவர்களோடும் பேசித்தான் படிக்க முடியும்.